சித்தப்பாவின் கையடக்கக் கணினிக்கு வைஃபை பூட்டிய கதை

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் சித்தப்பா வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை 2005 தை மாதத்திலிருந்து அவர் நாள்தோறும் எழுதி வருகிறார். அடி, அங்குலம், பக்கத்தில் ஒரு சொல்: உவர், கொஞ்சம் உவர், பரவாயில்லை, நல்ல தண்ணீர். சுனாமி வந்து போன பிறகு கிணற்றை மூன்று தடவை இறைத்தும் உவர் போகவில்லை. மாரி மழைதான் ஒவ்வொரு வருடமாக அதை மெல்ல மெல்லக் கழுவியது. அந்தக் கழுவலை இப்படி எழுதி வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அவர் எழுதுவது ஷார்ப் சோரஸ் எஸ்எல்-5500 என்ற கையடக்கக் கணினியில். 2002இல் வெளிவந்தது. மூன்றரை அங்குலத் திரை, 206 மெகாஹேர்ட்ஸ் ஸ்ட்ரோங்ஆர்ம் செயலி, 64 மெகாபைட் ரேம், உள்ளே லினக்ஸ் இயங்குதளம். கீழ்ப்பகுதியை இழுத்தால் குட்டிக் கீபோர்ட் வெளியே வரும். போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்த தம்பி, அதாவது சித்தப்பாவின் மகன், கொண்டுவந்து கொடுத்தது. கைபேசியில் எழுதலாமே என்று பலர் சொல்லிவிட்டார்கள். கண்ணில் வெண்படலச் சத்திரசிகிச்சை செய்த பிறகும் இந்தக் கீபோர்டின் விசைகளை அவரது விரல் பார்க்காமலே கண்டுபிடிக்கிறது. அதனால் மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பிரச்சினை வேறு இடத்தில். இந்தக் கருவி கோப்புகளை ரேமில்தான் வைத்திருக்கும். பற்றரி முழுதாக இறங்கினால் எல்லாம் போய்விடும். ஒருமுறை அப்படி ஏழு மாதக் குறிப்பு போனது. அன்றிலிருந்து சித்தப்பா ஒவ்வொரு இரவும் மேலே உள்ள கொம்பாக்ட் ஃப்ளாஷ் துளையில் ஒரு மெமரி கார்டைச் செருகிப் பிரதி எடுப்பார். பிறகு கழற்றி, வீட்டுக் கணினியில் பூட்டுவார். கண் மங்கிய காலத்தில் அந்தக் கார்டைச் சாய்வாகத் தள்ளித் தள்ளி, துளைக்குள் இருக்கும் 50 ஊசிகளில் ஒன்று வளைந்துவிட்டது. கழற்றிப் பூட்டும் வேலையே இல்லாமல் குறிப்பு தானாகக் கணினிக்குப் போக வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். தம்பி பழைய கொம்பாக்ட் ஃப்ளாஷ் வைஃபை கார்ட் ஒன்றைத் தேடி வாங்கி, இந்த ஆடியில் வந்தபோது கையோடு கொண்டுவந்தான். 802.11பி வகை, வினாடிக்கு 11 மெகாபிட். ஒரு உரைக் கோப்பை அனுப்ப அது தாராளம்.

முதல் வேலை அந்த ஊசி. விறாந்தையில் பாய் போட்டு இருந்தோம். கச்சான் காற்று புழுதியை அள்ளி வந்ததால் சித்தி கதவைச் சாத்தினார். டோர்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மேல்வரிசையில் ஓர் ஊசி மட்டும் பக்கத்து ஊசியில் சாய்ந்து நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் முறிந்துவிடும். மருந்து ஏற்றும் ஊசியின் கூர்நுனியை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கினேன். அது உள்ளே வெறுமையான குழாய் அல்லவா, வளைந்த ஊசியின் மேல் அதைத் தொப்பி மாதிரி மாட்டி, அடிவரை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிரளவு நிமிர்த்தினேன். எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு மயிரளவு. நாலாம் தடவையில் வரிசைக்கு வந்தது. உப்புக்காற்றில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட தூரிகையால் துடைத்தேன். கார்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பெரிய நிம்மதி அந்த வழுக்கல்தான்.

அப்புறம் இயங்குதளம். ஷார்ப் கொடுத்த மென்பொருளோடு இன்றைய பாதுகாப்புள்ள வைஃபையில் சேர முடியாது. ஆர்வலர்கள் செய்த ஓபன்சோரஸ் என்ற லினக்ஸைப் போட்டேன். சார்ஜரைப் பூட்டி, சி, டி விசைகளைச் சேர்த்து அழுத்தியபடி, பற்றரிப் பெட்டிக்குள் உள்ள ரீசெட்டை அமுக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் குறிப்புகளை முதலே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். அந்தத் திட்டம் 2007இல் நின்றுவிட்டது, தேவையான மென்பொருள் பொதிகளை இணையத்தின் பழைய பிரதிகளில் தேடி எடுத்தேன். இனிக் குறிப்புகள் தங்குவதற்கு எஸ்டி கார்ட். இந்தக் கருவி கூடிய கொள்ளளவுள்ள எஸ்டிஎச்சி வகையைப் படிக்காது, 2 கிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். கடைகளில் இப்போது அவ்வளவு சிறிய கார்ட் இலகுவில் கிடைப்பதில்லை. பழைய கமராவில் இருந்த 512 மெகாபைட் கார்ட் கைகொடுத்தது.

கார்டைச் செருகியதும் வலை இடைமுகத்தின் பெயர் ஈத்0 என்று வந்தது. அந்தப் பெயரிலேயே விஷயம் விளங்கியது. கார்டின் சில்லு இன்டர்சில் ப்ரிஸம் 2.5. அதை ஒரினோக்கோ டிரைவரும் (டிரைவர் என்றால் வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) இயக்கும், ஹோஸ்ட்ஏபி டிரைவரும் இயக்கும். ஒரினோக்கோ முந்திக்கொண்டால் பெயர் ஈத்0, ஹோஸ்ட்ஏபி பிடித்தால் டபிள்யூலான்0. டபிள்யூபிஏ என்ற வைஃபை பாதுகாப்பு முறையோடு இணைய எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். செருகும் கார்ட்களுக்கான பிசிஎம்சிஐஏ அமைப்புக் கோப்பில் இந்தக் கார்டின் அடையாளத்தை ஹோஸ்ட்ஏபிக்கு எழுதி, மற்றதை விலக்கினேன். கழற்றிச் செருகினேன். டபிள்யூலான்0.

கார்டுக்குள் இருந்த ஃபேர்ம்வெயர், அதாவது சில்லின் உள் மென்பொருள், 1.4.9. டபிள்யூபிஏ வேலை செய்ய 1.7.0 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பிசிஎம்சிஐஏ துளையுள்ள பழைய லப்டொப் ஒன்றில் 1.7.4ஐ எழுதினேன். எழுதும்போது கரண்ட் போனால் கார்ட் அதோடு சரி, எனவே லப்டொப் பற்றரி நிறைந்த பிறகே தொட்டேன். ஹோஸ்ட்ஏபியையும் டபிள்யூபிஏ வலையில் சேர்க்கும் மென்பொருளான டபிள்யூபிஏ சப்ளிகண்டையும் எழுதத் தொடங்கிய மாலினென் என்ற ஃபின்லாந்துக்காரரை அந்த இரவு நன்றியோடு நினைத்தேன். சில்லு செய்யத் தெரியாத குறியாக்கத்தைக் கணினியின் செயலியிலேயே செய்துகொள்ள அவரது டிரைவரில் வழி இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ரௌட்டரின் பாதுகாப்பை டபிள்யூஇபி என்ற பழைய முறைக்கு இறக்கினால் பத்து நிமிட வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டபிள்யூஇபியின் அடிப்படைக் குறை 2001இலேயே வெளிவந்துவிட்டது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள். அதே ரௌட்டரில்தான் சித்தி வங்கி வேலை பார்க்கிறார். ஒரு பழைய கருவிக்காக வீட்டுக் கதவைத் திறந்து போட முடியாது.

சரி, எல்லாம் தயார். வலைகளைத் தேடச் சொன்னேன். பக்கத்து வீட்டு வலை வந்தது. எதிர்வீட்டு வலையும் வந்தது. இரண்டு அடி தள்ளி, மேசைமேல் இருந்த எங்கள் ரௌட்டர் மட்டும் வரவில்லை!

ஒன்றரை நாள் இதில் போனது. அன்டெனா பழுது என்று நினைத்தேன். பழுதென்றால் எதிர்வீடு எப்படித் தெரியும்? ரௌட்டரில் பழைய பி வகைக் கருவிகளை மறுக்கும் தெரிவு இருக்கும், அதைப் பார்த்தேன், உண்மையிலேயே மறுத்துக்கொண்டுதான் இருந்தது. பி, ஜி, என் மூன்று வகையும் கலந்த நிலைக்கு மாற்றினேன். அப்போதும் இல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது என் கைபேசியில் சனல் எண்களை, அதாவது ஒவ்வொரு வலையும் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதை, பார்த்தேன். பக்கத்து வீடு 1, எதிர்வீடு 6, நாங்கள் 13.

வட அமெரிக்காவில் விற்ற கார்ட்கள் 1 முதல் 11 வரைதான் கேட்கும். 13 அவற்றின் காதுக்கு அப்பால். ரௌட்டர் சனலைத் தானாகத் தெரிவு செய்யும் நிலையில் இருந்தது, நெரிசல் இல்லாத இடம் பார்த்து 13இல் போய் உட்கார்ந்திருந்தது. 11 என்று நிரந்தரமாகப் போட்டேன். மறுபடி தேடியபோது முதல் வரியில் எங்கள் வலை நின்றது. பழைய கருவியை இணைக்க முயல்பவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி வேகமாகச் சொல்கிறேன். கடவுச்சொல்லிலிருந்து உண்மையான சாவியை எடுக்க 4096 சுற்றுக் கணக்கு செய்ய வேண்டும். அதை வீட்டுக் கணினியிலேயே செய்து, கிடைத்த 64 எழுத்தை நேராக அமைப்பில் எழுதினேன், சோரஸுக்குச் சுமை குறைந்தது. ரௌட்டர் முகவரி கொடுத்தது. கோப்பை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அனுப்பப் போனால் கணினி மறுத்தது, சோரஸின் பழைய குறியாக்க முறைகளைப் புதிய எஸ்எஸ்எச் ஏற்பதில்லை. வீட்டுக்குள் சோரஸின் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன்.

கார்ட் பற்றரியை நன்றாகக் குடிக்கும். அதனால் திரையில் ஒரு சின்னம் வைத்தேன். அழுத்தினால் கார்டுக்கு மின் கொடுக்கும், வலையில் சேரும், கோப்பை அனுப்பும், கார்டை மறுபடி அணைக்கும். கார்டை இனிக் கையால் தொடவே தேவையில்லை.

வெள்ளி இரவு சித்தப்பா கிணற்றடியில் அளந்துவிட்டு வந்து எழுதினார். 14 அடி 3 அங்குலம், நல்ல தண்ணீர். எழுத்தாணியால் சின்னத்தைத் தொட்டார். கார்டின் பச்சை விளக்கு மின்னி, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. உள்ளே கணினியின் முன் இருந்த நான் கோப்பைத் திறந்து கடைசி வரியை உரத்து வாசித்தேன்.

"அங்குலம் மூன்றோ, மூன்றரையோ?" என்று விறாந்தையிலிருந்து கேட்டார்.

"மூன்று, சித்தப்பா."

"அப்ப சரி, மூன்றரை எண்டு மாத்த வேணும்" என்று மறுபடி எழுதி, மறுபடி அனுப்பினார். அதுவும் வந்தது.

கார்டின் அன்டெனா தலைப்பக்கம் ஒரு விரல் அகலம் வெளியே துருத்தி நிற்கிறது. பழைய உறைக்குள் கருவி இப்போது போகாது. சித்தி மேலே திறப்பு வைத்து ஒரு துணியுறை தைத்துக்கொண்டிருக்கிறார்.