துரோகி என்பது புளிமா

போன வருடம் ஆடி மாதத்தில் என் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் எல்லோருமே எனக்குக் காதல் தோல்வி என்றுதான் நினைத்தார்கள். அம்மாவே போன் பண்ணி "யாருடி அவன்?" என்று கேட்டாள். அவன் இல்லை, அவள். ஆறு வருடத் தோழி. ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரு ஷாம்பு பாக்கெட்டில் இரண்டு தலை குளித்த பழக்கம்.

நடந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. அவள் "செல்லம்" என்று கூப்பிட்டால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும், தெரிந்தேதான் வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் கொடுத்தேன், அவளுடைய புராஜெக்டை ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அப்புறம் ஒருநாள் இன்னொருத்தியின் போனில் ஒரு குரூப்பைப் பார்த்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோரும் அதில் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் என்று நான் அனுப்பிய கவிதை ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடந்தது, கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். ஏழு. அந்த நேரத்திலும் எண்ணியிருக்கிறேன் பாருங்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ஸ்டேட்டஸ் கவிதைகள். முதுகு, கத்தி, முகமூடி, பச்சோந்தி, இந்த நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு மாதம் ஓட்டலாம். போட்ட இரண்டாவது நிமிடத்திலிருந்து, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் அவள் பெயரைத் தேடுவேன். 24 மணி நேரத்தில் அது அழிந்துவிடும், மறுநாள் இன்னொரு கத்தி. இதில் கொடுமை என்னவென்றால் அப்போதும் அவளை மெஸ்ஸில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்று சிரித்துத்தான் கேட்பேன். முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அவளைத் திட்டிக்கொண்டே நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஸ்டேட்டஸுக்குக் காரமாக ஒரு வரி கிடைக்குமா என்றுதான் ஒருநாள் குறளைத் திறந்தேன். நட்புக்கு மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம், 50 குறள். அதில் தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு அதிகாரம் எங்களைப் போன்றவர்களுக்காகவே. "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கும்பிடுகிற கைக்குள் ஆயுதம். என் ஒரு மாதக் கத்திகள் எல்லாம் மொக்கையாகிவிட்டன. அதே ஜோரில் நாலடியாருக்குப் போனால், யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலைக் குழைக்கும், ஆகவே நாய் போன்றவரோடு சேர் என்று ஒரு பாட்டு. நல்ல யோசனைதான். அந்த நாயாக இருப்பவள் என்ன செய்வது என்று பாட்டில் இல்லை.

சரி, நாமே குறள் போல இரண்டடியில் ஒரு வெண்பா எழுதுவோம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் அலகிட்டு, அதாவது அடியில் உள்ள ஒவ்வொரு சீரையும் அசைகளாகப் பிரித்து, வாய்பாடு எழுதி மார்க் வாங்கியதோடு மறந்துபோன விஷயம். நேர் என்றால் ஓரெழுத்து அசை, நிரை என்றால் குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை, புள்ளி வைத்த எழுத்து கணக்கில் வராது; மா, விளம், காய், கனி எல்லாம் அசைகள் சேர்ந்து சீராகும் விதத்துக்குப் பெயர்கள். மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வரவேண்டும், கனிச்சீர் வரவே கூடாது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நான்கில் ஒன்றாக இருக்கவேண்டும். முதலில் எழுதிய சொல் என்னவாக இருக்கும்? "துரோகி". நிரை நேர், புளிமா. அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். "நீ" நேரசை. அதாவது "துரோகி, நீ" என்று எழுதினால் தளை, அதாவது ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள கட்டு, தட்டும்! (இரண்டையும் ஒரே சீராக ஒட்டிவிட்டால் கருவிளம் ஆகித் தப்பிக்கலாம், ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை, தோன்றாததும் நல்லதுதான்.) ராத்திரி பதினொன்றரைக்கு விரல் விட்டு அசை எண்ணிக்கொண்டிருந்தவளுக்குக் கோபப்பட நேரமே இல்லை. ஒரு சொல்லை எடுத்தால் அடுத்தது இடிக்கும், அதை மாற்றினால் எதுகை போகும். மூன்று ராத்திரி ஆனது.

வேண்டுமெனில் வீடு வருவார் விடைபெற்றால்
தாண்டியும் பாரார் தெரு.

பெரிய கவிதை இல்லை, தெரியும். ஆனால் தளை தட்டாது, வேண்டுமானால் அலகிட்டுப் பாருங்கள். "வருவாள்", "பாராள்" என்று போட்டாலும் இலக்கணம் இடம் கொடுத்திருக்கும், அசைக் கணக்கு மாறாது. ஏனோ "வருவார்" என்றே வந்தது. அந்த "ஆர்" வந்த பிறகு படித்துப் பார்த்தால் அவள் முகம் மட்டும் தெரியவில்லை, காரியம் முடிந்ததும் நான் போன் எடுக்காமல் விட்ட இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். தவிர, வீடு வந்தவருக்கு ஆறு வருடமாகக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று சொல்ல ஏழு சீரில் இடம் இல்லை.

அதை ஸ்டேட்டஸில் போடவில்லை. நோட்டில் இருக்கிறது, இப்போது பதினாலு ஆகிவிட்டன, நாலைந்து தேறும்.

போன வாரம் அவளிடமிருந்து மெசேஜ். "செல்லம், எப்படி இருக்க? ஆவணியில அண்ணனுக்குக் கல்யாணம். பத்திரிகையில போட நாலு வரி கவிதை எழுதித் தரியா?" சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்தப் பொம்மையை அனுப்ப விரல் போனது, அதுவும் ஏழு. அனுப்பவில்லை. அண்ணன் நல்ல மனுஷன், ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் முறுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பொட்டலமாகத்தான் வாங்கி வருவார். அவருக்காக உட்கார்ந்தேன். மூன்றடி வந்துவிட்டது. ஈற்றடியை "வாழ்க" என்று முடிக்கப் பார்த்தால் அது தேமா, கடைசியில் நிற்காது. "வாழ்த்து" என்று மாற்றினேன். காசு வாய்பாடு, சரியாக உட்கார்ந்துவிட்டது.

இன்னும் அனுப்பவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போக நாள் இருக்கிறது.