ஒரே குரூப்தான், ஆனாலும் சேரவில்லை

இடுப்பெலும்பு முறிந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா பி பாசிட்டிவ். சுலபமாகக் கிடைக்கிற குரூப் என்று நிம்மதியாக இருந்தோம். தம்பியின் நண்பர்கள் வந்து ஈடாக ரத்தமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு: "எந்தப் பையும் சேரவில்லை. இன்னொரு சாம்பிள் வேண்டும்."

குரூப்பையே மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று சித்தப்பா சண்டைக்குக் கிளம்பினார். நர்ஸ் அம்மாவின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, ரத்தம் எடுத்து, கட்டிலருகிலேயே நின்று ஊதா மூடிக் குழாயில் பெயரையும் எண்ணையும் எழுதினார். குரூப் அதே பி பாசிட்டிவ். பையிலுள்ள ரத்தம் நோயாளிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் அப்போதும் சேரவில்லை.

டெக்னீஷியன் என்னை அழைத்து ஜெல் கார்டைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டையில் ஆறு சிறு குழாய்கள். அம்மாவின் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் பையிலுள்ள சிவப்பணுக்களையும் கலந்து 37 டிகிரியில் வைத்துச் சுழற்றுகிறார்கள். சேரும் ரத்தமென்றால் அணுக்கள் ஜெல்லைக் கடந்து அடியில் போய்ப் படிந்துவிடும். இங்கே மேலேயே குங்குமக் கோடு போட்டதுபோல் நின்றிருந்தன.

"அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்? முன்பு ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டார் மருத்துவ அதிகாரி. நாங்கள் நான்கு பேர். கடைசித் தங்கை பிறந்தபோது ஒரு பாட்டில் ஏற்றியிருந்தார்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது சிவப்பணுவின் மேல் இருக்கும் டி என்ற ஓர் அடையாளப் பொருளை வைத்துத்தான். அதே ஆர்எச் குடும்பத்தில் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ என்று வேறும் உண்டு. சாம்பிள் பெரிய மையத்துக்குப் போய், வகை தெரிந்த அணுக்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. அம்மாவின் அணுக்களில் சின்ன சி கிடையாது. அதை அந்நியமாக நினைத்துத் தாக்கும் புரதம், அதாவது அதற்கு எதிரான ஆன்டிபாடி, அவர் ரத்தத்தில் இருக்கிறது. அன்று ஏற்றிய ரத்தத்தால் உண்டாகியிருக்கலாம். அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்த சின்ன சி பிரசவத்தின்போது அம்மாவின் ரத்தத்தில் கலந்ததாலும் உண்டாகியிருக்கலாம். "நீங்கள் நாலு பேரும் படுத்தியது போதாதென்று இது வேறா?" என்றார் அம்மா.

அம்மாவின் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். உடன்பிறந்தவர் ரத்தம் சேர வாய்ப்பு அதிகம்தான். ஆனால் நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டால், அவை பெருகி நோயாளியையே தாக்கக்கூடும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாது என்றார் அதிகாரி. அந்த வசதி அங்கே இல்லை. குளிர்பெட்டியில் இருந்த பி பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ் பைகளைச் சோதித்து, சின்ன சி இல்லாத இரண்டைப் பிடித்தார்கள். பி குரூப்புக்கு ஓ சிவப்பணுவும் ஆகும். சின்ன சி இல்லாதவர்கள் நம் நாட்டில் அபூர்வமில்லை. ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் சின்ன இ-க்கு எதிரான ஆன்டிபாடியாக இருந்திருந்தால் திண்டாடியிருப்போம்.

ரத்தம் ஏறிய முதல் 15 நிமிடம் நர்ஸ் நகரவே இல்லை. காய்ச்சல், குளிர், முதுகுவலி எதுவும் வரவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஆன்டிபாடியின் பெயர் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வருடங்கள் போனால் அது பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, கிராஸ் மேட்ச் சேர்ந்ததாகவே காட்டலாமாம். சின்ன சி உள்ள ரத்தத்தை அப்போது ஏற்றினால், சில நாட்களில் ஆன்டிபாடி மறுபடி கிளம்பி அந்த அணுக்களை அழித்துவிடும். அட்டை அம்மாவின் ஆதாரோடு இருக்கிறது. அதன் படம் எங்கள் நால்வர் போனிலும் இருக்கிறது.