மரவட்டைக்காகக் காத்திருந்தவள்

"டீச்சர், தொடாதீங்க, அது பயந்திருக்கு."

மரத்தடியில் குத்தவைத்திருந்த ஆறு வயதுக்காரி இன்று காலை சொன்னது. மரவட்டை சுருண்டு கிடந்தது. அது மெல்ல அவிழ்ந்து நடக்கும்வரை அசையவே இல்லை, வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை.

அப்புறம் கால்களை எண்ணப் பார்த்தாள். பெரும்பாலான வளையங்களுக்கு இரண்டு ஜோடி, எண்ணி முடியுமா? என்ன சாப்பிடும் என்றாள். மக்கிய இலை, அதைத் தின்றுதான் மண்ணுக்கு உரமாக்கும் என்றேன். உடனே ஒரு பிடி சருகை அள்ளி வந்து அதன் முன்னால் வைத்தாள்.

ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840-இல் சின்னப் பிள்ளைகளுக்கான தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். அங்கே பிள்ளைகளுக்கென்று பாத்திகளே இருந்தன. இன்று அந்தப் பெயர் தாங்கிய எத்தனை பள்ளிகளில் பிள்ளைகள் தொட மண் இருக்கிறது?

நாளை மழை வந்தாலும் கூட்டிப்போவேன். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்.