பலகை ஒட்ட மட்டம் பிசகாத ஒரு ஜிக்

உணவு மேசையின் மேற்பலகைக்காக ஐந்து அங்குல அகலத் தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியிருந்தது. கிளாம்ப் மட்டும் போட்டு முறுக்கினால் இணைப்பு இறுகும்; ஆனால் அழுத்தம் பலகைக் கனத்தின் நடுவில் விழாமல் சற்று மேலாகவோ கீழாகவோ விழுந்தால், பலகைகள் நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்த வளைவோடு பசை காய்ந்துவிட்டால், இழைத்து மட்டமாக்குவதற்குள் ஓர் அங்குலப் பலகை முக்கால் அங்குலமாகிவிடும். ஆகவே மேசையைத் தொடங்கும் முன்பே ஒட்டும்போது பலகைகளை மட்டமாகப் பிடித்து வைத்திருக்கும் தாங்கியை, அதாவது ஜிக்கைச் செய்துகொண்டேன்.

அதற்கு உயிர் அடித்தளம்தான். 18 மி.மீ. ப்ளைவுட் தனியாக நின்றால் தொய்யும் என்பதால், 75 மி.மீ. உயரப் பட்டைகளை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து, சந்திக்கும் இடங்களில் பாதி உயரத்துக்குக் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, அடியில் கொடுத்தேன். பட்டைகளின் மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பிறகு செய்யும் எதுவும் பயன்படாது. நேரான இரண்டு அலுமினியக் குழாய்களை இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒற்றைக் கண்ணால் நோக்கி, இரண்டின் விளிம்பும் ஒரே கோடாகத் தெரியும்வரை இழைப்புளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவிய பிறகே ப்ளைவுட்டை அதன்மேல் ஒட்டினேன்.

ஓர் ஓரத்தில் ஒரு ரீப்பரை (நீளமான மரச்சட்டம்) நிலையாகத் திருகினேன். எதிர் ரீப்பரை, பலகையின் அகலத்துக்கேற்ப நகர்த்தி, துளைகளில் போல்ட் போட்டு நிறுத்தலாம். அதற்கும் பலகைக்கும் நடுவே ஆப்புகள் ஜோடியாக, எதிரெதிராக நுழைகின்றன. ஆப்பின் சரிவை எட்டுக்கு ஒன்று என்று வைத்தேன்; சரிவு கூடினால் ஆப்பு பின்னுக்கு நழுவும். பலகையின் விளிம்பு நசுங்காதிருக்க இடையில் ஒரு பட்டை வைக்க வேண்டும்.

பலகைகளை மேலிருந்து அமுக்கும் குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்கத்தை, நடுவில் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) புடைத்திருக்கும்படி இழைத்தேன். முனைகளை போல்ட்டால் இறுக்கும்போது நடுப்பகுதியும் சேர்ந்து அமுங்குவது இந்தப் புடைப்பினால்தான். பசை பிடிக்காதபடி சட்டங்களின் அடியிலும் தளத்தின் மேலும் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

பசையில்லாமல் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு ஃபெவிகால் தடவினேன். நம் வெயிலில் அது விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பதால் ஆப்பும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் குறுக்குச் சட்டங்களைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு ஆப்புகளை மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டி, மீண்டும் சட்டங்களை முழுதாக இறுக்கினேன். இணைப்பு நெடுகிலும் கடுகுபோல் பசை மணிகள் அரும்பினால் அழுத்தம் போதும். மறுநாள் மட்டப்பட்டையை வைத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் மட்டும் காகிதம் நுழையும் இடைவெளி இருந்தது. அதற்கு உப்புத்தாளே போதுமானதாக இருந்தது.

ஜிக்கைச் சுவரில் சாய்த்து வைப்பதில்லை. நாளடைவில் முறுக்கிக்கொள்ளும் என்பதால் படுக்கையாகவே வைக்கிறேன்.