நியூயார்க்கில் குதிரை வண்டிக்குச் சொந்தக்காரர் ஆன கதை

சென்ட்ரல் பார்க்கில் குதிரை வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "சொந்த வண்டியா?" என்பதுதான். சில வருடங்கள் அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டிய பிறகு இப்போது ஆமாம் என்று சொல்ல முடிகிறது. ஒரு வண்டியில் பாதி என்னுடையது, மறுபாதி என் கூட்டாளியுடையது, அவர் துருக்கிக்காரர். அதற்கடுத்து எல்லாரும் கேட்பது, லைசன்ஸுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு வண்டிக்கு நகரம் லைசன்ஸ் தராது. வாடகைக்கு ஓடும் குதிரை வண்டிகள் 68க்கு மேல் கூடாது என்று நகரச் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது, அந்த 68ம் ஏற்கனவே யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. ஆகவே விண்ணப்பம் என்பது இரண்டாவது வேலை. லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் விற்க முன்வர வேண்டும், அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வர வேண்டும், அதற்கப்புறம்தான் பெயர் மாற்றத்துக்கு நகரத்தின் நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் போக முடியும். விலை ஆளுக்காள் பேசுவது, அதில் நகரத்துக்கு வேலை இல்லை.

இந்தத் தொழிலில் அயர்லாந்து வழி வந்த குடும்பங்கள் அதிகம், இத்தாலியர், துருக்கியர், மெக்ஸிகோக்காரர்களும் இருக்கிறார்கள். அப்பா, மகன், பேரன் என்று வந்தவர்களிடம் வெளியாள் ஒருவர் பணத்தோடு போய் நின்றால் பேச்சே எடுக்க மாட்டார்கள். எனக்கு விற்ற பெரியவர் நான் ஓட்டுவதை வருடக்கணக்கில் பார்த்தவர். விற்கலாம் என்று முடிவு செய்தபோது அவர் என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல, "என் குதிரைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்வாயா, இல்லை வண்டி மட்டும் போதுமா?" என்றுதான். சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த ஒரு பதிலுக்காகத்தான் எனக்குக் கொடுத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஓட்டுநர் லைசன்ஸ் இதிலிருந்து தனி. 18 வயது ஆகியிருக்க வேண்டும், சுகாதாரத் துறையின் ஹெல்த் அகாடமி நடத்தும் வண்டிக்காரர் வகுப்பை முடித்திருக்க வேண்டும். நான் அதை எப்போதோ முடித்துவிட்டேன். அந்த வகுப்பைப் பலர் வெறும் சடங்கு என்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குதிரைக்கு நீர்ச்சத்து குறைந்தால் ஈறு எப்படி இருக்கும், கால் நொண்டுவதை நடையில் எப்படிக் கண்டுபிடிப்பது, சேணம் உரசிப் புண் வரும் இடங்கள் எவை என்று அங்கே கேட்டதைத்தான் இன்றும் தினமும் பார்க்கிறேன். விண்ணப்பத்தோடு, குழந்தை பராமரிப்புத் தொகை, அதாவது பிரிந்து வாழும் பெற்றோர் தன் குழந்தையின் செலவுக்குத் தர வேண்டிய பணம், எதுவும் பாக்கி இல்லை என்று உறுதி சொல்லும் படிவமும் கொடுக்க வேண்டும். இது குதிரை வண்டிக்கென்று வைத்தது இல்லை, இந்த நகரத்தில் தனிநபர் தொழில் லைசன்ஸ் எதற்குப் போனாலும் கேட்பதுதான். முதல்முறை அந்தப் படிவத்தைப் பார்ப்பவர்கள் இது ஏன் நமக்கு என்று குழம்புகிறார்கள், குழம்ப வேண்டாம், நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு 42 பிராட்வேயில் இருக்கும் லைசன்ஸ் மையத்துக்குப் போனோம். விற்பவர், வாங்குபவர் இருவர் பெயரிலும் துறைக்குக் கட்ட வேண்டிய அபராதம் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. பெரியவர் பெயரில் பழைய அபராதம் ஒன்று தீர்க்கப்படாமல் கிடந்தது, அவருக்கே அது நினைவில் இல்லை. தொகை பெரிதில்லை, ஆனால் அது கட்டி முடிந்து கணக்கில் ஏறும்வரை எங்கள் கோப்பு நகரவே இல்லை. அது தீர்ந்தது என்று பார்த்தால் அடுத்து காப்பீடு. பயணிகளுக்கோ தெருவில் போகிறவர்களுக்கோ விபத்து நேர்ந்தால் ஈடு கட்டும் பாலிசி கட்டாயம், அதற்கான சான்றிதழில் இருக்கும் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் காப்பீட்டு முகவர் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, என் பெயரை நடுப்பெயராக்கி, கூட்டாளியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டு அனுப்பினார். திருத்தி அனுப்பச் சொன்னால் வேறொரு எழுத்தை மாற்றி அனுப்பினார். முதலெழுத்து வைத்துப் பெயர் எழுதிப் பழகிய நமக்கு இந்த ஊரில் இது புதிதல்ல. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாக் காகிதத்திலும் எழுதச் சொல்லி, முகவர் அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

வண்டிச் சோதனை சீக்கிரம் முடிந்தது. பிரேக், விளக்கு, சக்கரம், பிரதிபலிப்பான், கட்டண அட்டை கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டணத்தையும் நாம் வைக்க முடியாது, நகரம்தான் வைக்கிறது. 2010இல் முதல் 20 நிமிடத்துக்கு 50 டாலர் என்று ஆக்கினார்கள், அப்புறம் விலைவாசிக்கு ஏற்றபடி கூடியிருக்கிறது.

இனி குதிரை. உண்மையில் நீங்கள் வாங்குவது வண்டி லைசன்ஸ் என்றாலும், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது குதிரையின் காகிதம்தான். வண்டிக்கு ஒரு துறை என்றால் குதிரைக்கு இன்னொரு துறை, அதாவது சுகாதாரத் துறை. ஒவ்வொரு குதிரைக்கும் தனி லைசன்ஸ், தனி எண். அந்த எண்ணைக் குளம்பில் பொறித்திருப்பார்கள். குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பதால் எண்ணும் கீழிறங்கித் தேயும், மறுபடி பொறிக்க வேண்டும். முதல்முறை லைசன்ஸ் எடுக்கும்போது குதிரைக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும், 26 வயதுக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். வருடத்தில் குறைந்தது 5 வாரம் விடுமுறை, அதுவும் லாயத்தில் கட்டிப்போட்டு வைக்கும் விடுமுறை இல்லை, மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் குதிரைகள் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக்குப் போகின்றன. இங்கே ஓடும் குதிரைகளில் பல அந்தப் பக்கத்து ஆமிஷ் விவசாயிகளிடமிருந்து (இயந்திரங்களைத் தவிர்த்து இன்றும் குதிரையை நம்பி வாழும் கிறிஸ்தவச் சமூகம்) வந்தவைதான், ஏர் இழுத்தும் வண்டி இழுத்தும் பழகியவை, அதனால் பேருந்து பக்கத்தில் உறுமினாலும் காதை மட்டும் திருப்பிவிட்டு நிற்கும்.

ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்துக்குள், 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரண்டு மணி நேர வேலைக்கு 15 நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். எந்தக் குதிரை, எந்த வண்டி, யார் ஓட்டியது, எத்தனை மணிக்கு லாயத்தை விட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். இதை எழுதுவது சொந்தக்காரர் பொறுப்பு. கூலிக்கு ஓட்டிய காலத்தில் இந்தப் பதிவேட்டின் கனம் எனக்குத் தெரிந்ததில்லை.

வெயிலும் குளிரும் வருமானத்தை நேராகத் தொடும். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வண்டி நிற்க வேண்டும், குளிர் 18 டிகிரிக்கு இறங்கினாலும் அப்படியே. 2019இல் கொண்டுவந்த சட்டம் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்தது. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டினால் 150 அல்லது அதற்கு மேல் வந்து, வெப்பம் 80ஆவது இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. 84 டிகிரி, 70 சதவீத ஈரம் என்றால் 154, ஆகவே வண்டி லாயத்துக்குத் திரும்பும். ஜூலை, ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகள் குவியும் நாட்களில்தான் இது அடிக்கடி நடக்கும். சிலர் இந்தச் சட்டத்தைத் திட்டுகிறார்கள். குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, காற்றில் ஈரம் கூடினால் அந்த வியர்வை உலராது, உள்ளே சூடு ஏறும். மென்னியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எனக்கு இந்தச் சட்டத்தில் குறை இல்லை, அந்த நாட்களின் நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாங்கினோம்.

லாயம் இன்னொரு பெரிய விஷயம். மன்ஹாட்டனின் மேற்குக் கரையோரம், ஹெல்ஸ் கிச்சன் பக்கம்தான் லாயங்கள். ஒரு குதிரைக்கு 60 சதுர அடியாவது இடம் வேண்டும், அது திரும்பவும் படுக்கவும் முடிய வேண்டும். மாடிக்கட்டடம், சாய்தளத்தில் ஏறித்தான் மேலே போகும். முதலில் பார்க்கும்போது விசித்திரமாக இருக்கும், குதிரைகளோ தன் தளம் எது என்று தெரிந்து தானே ஏறிவிடும். அந்த இடத்து நிலத்தின் விலை உங்களுக்கே தெரியும், வாடகையும் அதற்கேற்ப. தீவனம், உலர்புல், லாடம், மருத்துவர், காப்பீடு, லாய வாடகை எல்லாம் வண்டி ஓடாத நாளிலும் ஓடும்.

பயணிகளை ஏற்றும் இடம் முன்பு 59ஆம் தெருவில் இருந்தது, 2019இல் பூங்காவுக்குள்ளே மாற்றினார்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்காமல் மரத்தடியில் நிற்பது குதிரைக்கு நல்லது, எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனாலும் காலையிலும் இரவிலும் லாயத்துக்கும் பூங்காவுக்கும் இடையே தெருவில்தான் போய் வர வேண்டும்.

இந்த வண்டிகளுக்கே தடை வருமாமே என்று கேட்காதவர் இல்லை. 2014இல் மேயரான பில் டி பிளாசியோ இந்த வண்டிகளையே எடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தார். 2016இல், எண்ணிக்கையைக் குறைத்துப் பூங்காவுக்குள்ளேயே லாயம் கட்டலாம் என்று ஓர் உடன்பாடு வரை போய், அதுவும் முறிந்தது. 2022 ஆகஸ்டில் ரைடர் என்ற குதிரை ஒன்பதாவது அவென்யூவில் விழுந்த படத்தை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு மாநகர சபையில் வந்த தடை மசோதாவுக்கு அந்தக் குதிரையின் பெயரையே வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் பூங்காவைப் பராமரிக்கும் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சியும் தடை வேண்டும் என்று சொல்லிவிட்டது. எதிர்ப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வயதான, மெலிந்த குதிரையை வெயிலில் நிறுத்துகிறவர்மேல் எனக்குத்தான் முதலில் கோபம் வரும். ஆனால் நன்றாகத் தின்று, வேலை செய்து, வருடம்தோறும் மேய்ச்சலுக்குப் போகும் ஒரு பாரக் குதிரையை வேலையிலிருந்து நீக்கினால் அதற்குத் தீவனம் போடப் போவது யார் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் எனக்குப் போதவில்லை. இந்த இனக் குதிரைகள் ஏலத்துக்குப் போனால் எங்கே போய்ச் சேரும் என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். குதிரையை மனிதாபிமானமான முறையில் மட்டுமே கைமாற்ற வேண்டும் என்று நகரச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் பெரியவரின் குதிரைகளை நாங்கள் வாங்கியபோதும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து அவற்றைத் தனியாக எங்கள் பெயருக்கு மாற்றினோம்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் ஓட்டுநர் லைசன்ஸ் எடுத்து ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் வேறொருவர் வண்டியை ஓட்டுங்கள். அப்போதும் விருப்பம் இருந்தால், கடன் வாங்காமல் போடக்கூடிய பணம் எவ்வளவு என்று பாருங்கள், ஏனென்றால் தடை வந்தால் அந்த லைசன்ஸுக்கு யார் என்ன தருவார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. விற்பவரிடம் பேசும்போது, நிலுவை அபராதம் ஏதும் உண்டா, குதிரைகளின் மருத்துவச் சான்றுகள் எந்தத் தேதியில் வாங்கியவை, லாயத்தில் அவருக்கு இருக்கும் இடம் உங்களுக்கும் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். அதில் லாய இடம்தான் முக்கியம். வண்டி கைக்கு வந்து குதிரையைக் கட்ட இடம் இல்லாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும்.