வாத்தியார் வீட்டில் ஒரு மத்தியானம்

தென்னாப்பிரிக்காவில் டொங்காட் பக்கம் கரும்புக்காட்டுப் பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நேற்றுப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு ஊர் வரலாறே அவருக்கு வேலை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களின் கப்பல் பட்டியல்களைக் கைப்படப் படியெடுத்திருக்கிறார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, அங்க அடையாளம். ஊர்ப் பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த கோரத்தைச் சொல்லி மாளாது.

"கண்ணால் படிக்காதே அப்பா, வாய்விட்டுப் படி" என்றார்.

மூன்றாம் தடவையில் திருவண்ணாமலை வந்தது!

என் பூட்டனாருக்கு நேரே "இடது முழங்காலில் தழும்பு". புகைப்படம் ஒன்றுகூட இல்லாத மனிதர்.

அடுத்த பக்கம் புரட்ட விரலில் எச்சில் தொட்டேன். அதட்டினார். வாத்தியாரின் அந்தப் பழைய அதட்டல் அப்படியே இருக்கிறது.