கடைசி பெஞ்சுக்கு எத்தனை லக்ஸ்?

அந்த ஐப்பசியில் திருநெல்வேலிப் பக்கம் விவசாயிகளுக்கு அடுத்தபடியாக மேகத்தை எதிர்பார்த்தது நானாகத்தான் இருப்பேன். ஆர்க்கிடெக்சர் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஒரு பள்ளி வகுப்பறையின் பகல் வெளிச்சத்தை அளக்க வேண்டியிருந்தது. அளக்கப்போவது 'டேலைட் ஃபேக்டர்': திறந்தவெளியில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்ற கணக்கு. இதற்கு வெயில் ஆகாது, வானம் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை மேகம் அமைந்தது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் இரண்டு லக்ஸ் மீட்டரையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. குறித்துக்கொண்டேன். தம்பி ஒன்றோடு மொட்டை மாடியில். நான் உள்ளே பெஞ்சு உயரத்தில். போனில் "இப்ப" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். மேகம் நகர்வதால் வெளியே பத்து நிமிடத்தில் 14,000 லக்ஸ் 9,000 ஆகிவிடும். முதல் வரிசையை அளந்து முடித்த பிறகுதான் என் நிழலும் கணக்கில் சேர்ந்திருப்பது புரிந்தது. கடைசி பெஞ்சில் குனிந்து தள்ளி நின்றால் 96, நிமிர்ந்து நின்றால் 80. எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். கடைசி பெஞ்சில் 96 லக்ஸ், அப்போது வெளியே 12,000. அதாவது 0.8 சதவீதம்.

அப்புறம் ரேடியன்ஸ் மென்பொருள்: அறையை வரைந்து கொடுத்தால் உள்ளே வரும் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாகக் காட்டும். முதல் படம் முழுக்கக் கருப்பு. ஒரு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால், ஒளி எத்தனை தடவை பட்டுத் திரும்பலாம் என்று சொல்லும் எண் தானாகவே பூஜ்யத்தில் இருந்திருக்கிறது. 5 என்று மாற்றினேன், அறை தெரிந்தது. ஆனால் கடைசி பெஞ்சில் 1.7 சதவீதம், அளந்ததைப் போல இரண்டு மடங்கு!

சரி, கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை என்று மறுபடி பள்ளிக்கே போனேன். ஜன்னலில் கொசுவலை இருக்கிறது, நான் வரையவில்லை. வெளியே வேப்பமரம், அதையும் வரையவில்லை. சுவரெல்லாம் வெளிர் நிறம் என்று நினைத்து 70 சதவீதப் பிரதிபலிப்பு கொடுத்திருந்தேன். கீழ்ப்பாதியோ கரும்பச்சை ஆயில் பெயின்ட். மீட்டரைச் சுவரில் வைத்து ஒருமுறை, சுவரைப் பார்க்கத் திருப்பி ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒருமுறை படித்தேன். இரண்டாவதை முதலாவதால் வகுத்ததில் பச்சைக்கு 24 சதவீதம்தான் வந்தது. மூன்றையும் சேர்த்ததும் 0.9க்கு இறங்கியது.

தலைமையாசிரியரிடம் காட்டினேன்.

"அப்போ மரத்த வெட்டணுங்கியாம்மா?"

"வேண்டாம் சார். கீழேயும் வெள்ளை அடிச்சாப் போதும்."

"பிள்ளைய கால வச்சு அழுக்காக்குமேன்னுதானம்மா பச்சை அடிக்கோம்."

அது என் மாடலில் இல்லாத விஷயம். முழங்கால் உயரம் வரை பச்சை, அதற்கு மேல் வெள்ளை என்று பேசி முடித்தோம். ஓட்டிப் பார்த்ததில் 1.1 வந்தது.